மனநோய் பாடத்துக்குத் திரைப்படம்: காட்சியைத் தேர்வது முதல் வகுப்பை முடிப்பது வரை

மனநோய் பற்றிய வகுப்புக்கு யாரும் ஒன்றும் தெரியாமல் வருவதில்லை. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள், மனநல மருத்துவமனை எப்படி இருக்கும், ஷாக் கொடுத்தால் உடம்பு எப்படித் துள்ளும் என்பதையெல்லாம் சினிமா அவர்களுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதில் பாதி தவறு. அந்தத் தவறை அப்படியே விட்டுவிட்டு மேலே பாடம் நடத்தினால், தேர்வுக்குப் படித்தது தேர்வோடு போய்விடும். சினிமாவில் பார்த்தது மட்டும் மனதில் நிற்கும். ஏற்கனவே பார்த்ததை வேறு கண்ணோடு திரும்பப் பார்க்க வைப்பதுதான் திரைப்படம் வழியாகக் கற்பிக்கும் முறையின் அடிப்படை.

செவிலியர், உளவியல், சமூகப்பணி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள், பள்ளி ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி தருபவர்கள், நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூட்டம் நடத்துபவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்பட்டிருக்கிறது. தனியாகப் படம் பார்த்துக் கற்க நினைப்பவர்களுக்கான குறிப்புகள் பின்னால் வருகின்றன.

நோக்கம் ஒன்றே ஒன்று

ஒரு வகுப்புக்கு ஒரு நோக்கம் போதும். அறிகுறிகளைக் கவனிக்கப் பழக்குவது ஒன்று. நோயோடு வாழ்வது உள்ளே எப்படி இருக்கும் என்று உணர வைப்பது இன்னொன்று. மக்களிடம் இருக்கும் தவறான நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது மூன்றாவது. மூன்றுக்கும் வேண்டிய காட்சிகள் வேறு வேறு. அறிகுறிக்கு நடிப்பு துல்லியமாக இருக்க வேண்டும். உள் அனுபவத்துக்குக் கேமரா நோயாளியின் பக்கம் நிற்க வேண்டும். தவறான நம்பிக்கையைப் பிரித்துப் பார்க்கவோ, மோசமாக எடுக்கப்பட்ட, ஆனால் எல்லோரும் ரசித்த படம்தான் நல்லது. மூன்றையும் ஒரே படத்தில் முடித்துவிடலாம் என்று பார்த்தால் வகுப்பு விமர்சனக் கூட்டமாகிவிடும்: கிளைமாக்ஸ் நன்றாக இருந்ததா, ஹீரோ நன்றாக நடித்தாரா என்றே பேச்சு போகும்.

முழுப் படம் எப்போது, துண்டுக் காட்சி எப்போது

பெரும்பாலான பாடங்களுக்கு 3 முதல் 8 நிமிடக் காட்சி போதும். இரண்டரை மணி நேரப் படத்தைப் போட்டுவிட்டு மீதி 20 நிமிடத்தில் பேசுவது வீண். பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது கடைசி அரை மணி நேரமும் பாடல்களும்தான்.

விதிவிலக்கு உண்டு. 2020இல் வந்த 'தி ஃபாதர்' மறதிநோய் உள்ள முதியவரின் பார்வையிலேயே நகர்கிறது. அறையின் சாமான்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாறும். மகள் என்று வந்து நிற்பவரின் முகமே வேறாக இருக்கும். பார்ப்பவருக்கு வரும் குழப்பமே அங்கே பாடம். அதைத் துண்டு துண்டாகக் காட்டினால் ஒன்றும் புரியாது. இப்படிப்பட்ட படத்தை முந்தைய நாளே பார்த்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பு நேரம் முழுவதையும் பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சியைத் தயார் செய்தல்

படத்தை நீங்கள் இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை பேனாவோடு, நிறுத்தி நிறுத்தி. தாளில் நான்கு பத்தி போடுங்கள்: நேரம், கண்ணுக்கும் காதுக்கும் படுவது, மருத்துவப்படி சரியா தவறா, கேட்க வேண்டிய கேள்வி. இரண்டாவது பத்தியில் நோயின் பெயர் வரக்கூடாது. 'பதற்றமாக இருக்கிறார்' என்று எழுதாமல் 'கையைப் பிசைகிறார், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறார்' என்று எழுதுங்கள். நீங்களே அப்படி எழுதிப் பழகாவிட்டால் மாணவர்களை எழுத வைக்க முடியாது.

நேரக் குறிப்பை மட்டும் நம்ப வேண்டாம். திரையரங்கப் பதிப்பு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். 'பால்' (PAL) எனப்படும் ஒளிபரப்பு முறையில் வந்த டிவிடியில் அது 25 ஆகிவிடுவதால், 120 நிமிடப் படம் ஏறக்குறைய 115 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓடிடி பதிப்பில் தொடக்க அட்டைகள், வெட்டுகள் மாறியிருக்கலாம். எனவே காட்சியின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சேர்த்துக் குறித்து வைத்தால், எந்தப் பிரதி கிடைத்தாலும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

வேற்றுமொழிப் படமானால் டப்பிங் பதிப்பைத் தவிர்க்கவும். பேச்சின் வேகம், இடைவெளி, தொனி எல்லாம் அறிகுறிகள். டப்பிங்கில் அவை குரல் கொடுத்தவருடையவை. நடிகர் காட்ட நினைத்த நோயாளியுடையவை அல்ல. மூலக் குரலோடு சப்டைட்டில் போடுங்கள். சப்டைட்டிலிலும் ஒரு சிக்கல் உண்டு: கண் கீழே எழுத்தில் இருக்கும்போது முகத்தில் நடப்பது தவறிப்போகும். காட்சியை இரண்டு முறை போட வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம். பொது இடத்தில் திரையிடுவதற்கு உரிமம் தேவையா, வகுப்பறைக்கு விலக்கு உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒலியை அணைத்து ஒரு முறை

இந்த முறையில் அதிகம் பலன் தரும் பயிற்சி இது. முதல் முறை ஒலியே இல்லாமல் போடுங்கள். உடை, நடை, கண் தொடர்பு, கை கால் அசைவு, மற்றவர்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒலியோடு போடுங்கள். ஒலியில்லாமல் பார்த்தபோது 'குழம்பிப்போன ஒருவர்' என்று எழுதியவர்கள், பின்னணி இசையோடு பார்த்ததும் 'ஆபத்தானவர்' என்று எழுதுவார்கள். நடிகரின் உடலில் எதுவும் மாறவில்லை. வயலின் கிறீச்சிட்டது, அவ்வளவுதான். பயம் எங்கிருந்து வந்தது என்பதை மாணவரே தன் தாளில் இரண்டு பத்திகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பார். ஒரு மணி நேரம் பேசிப் புரிய வைக்க முடியாததை இது பத்து நிமிடத்தில் செய்துவிடும்.

நோயாளியின் பேச்சைக் கவனிக்கக் கற்பிக்க இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்க வைத்தால், இடைவிடாத பேச்சு, தொடர்பு அறுந்த தாவல், பதிலுக்கு முன் வரும் நீண்ட மௌனம் எல்லாம் தெளிவாகக் காதில் விழும்.

ஒரு காட்சியை எடுத்துச் செய்து பார்ப்போம்

1997இல் வந்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' படத்தின் தொடக்கப் பகுதி. நாயகன் வீட்டுக்குள் வருகிறார். கதவுப் பூட்டை எண்ணி எண்ணித் திரும்பத் திரும்பத் திருப்புகிறார். விளக்கு ஸ்விட்சையும் அப்படியே. குளியலறை அலமாரியைத் திறந்தால் புது சோப்புகள் அடுக்கி வைத்திருக்கின்றன. ஒன்றைப் பிரித்துக் கொதிக்கும் நீரில் கை கழுவி, அந்த சோப்பைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததைப் பிரிக்கிறார்.

மாணவர்களின் தாளில் வர வேண்டியவை இவை: செயல் திரும்பத் திரும்ப நடக்கிறது, எண்ணிக்கைக் கணக்கு இருக்கிறது, செய்யும்போது முகத்தில் மகிழ்ச்சி இல்லை, தொற்று பற்றிய அச்சம் இருப்பதுபோல் தெரிகிறது. கடைசியாகச் சொன்னது ஊகம். அதை ஊகம் என்று குறிக்கச் சொல்லுங்கள். தலைக்குள் என்ன எண்ணம் ஓடுகிறது என்பதைக் கேமரா காட்டாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். 'இவரிடம் என்ன கேட்பீர்கள்?' என்று அங்கேயே நிறுத்துங்கள். 'பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று தோன்றுகிறது?', 'ஒரு நாளில் எவ்வளவு நேரம் இதில் போகிறது?', 'செய்யாமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா?' போன்ற கேள்விகள் வந்தால் வகுப்பு சரியான பாதையில் இருக்கிறது.

இதே காட்சியில் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் வரும் பிழை ஒன்று: நாயகன் அக்கம்பக்கத்தாரைப் புண்படுத்திப் பேசுவதையும் ஓசிடியின் (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய்) அறிகுறிப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அது அவருடைய குணம். திரைக்கதை இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்திருப்பதால் பார்ப்பவர் இணைத்துவிடுகிறார். திருத்தாமல் விட்டால், ஓசிடி உள்ள எல்லோரும் முசுடுகள் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

சிகிச்சைப் பக்கமும் பேசியாக வேண்டும். படத்தில் அவர் மாத்திரை சாப்பிடத் தொடங்குகிறார். ஆனால் பார்ப்பவர் மனதில் நிற்பது காதலால் மாறினார் என்பதே. உண்மையில் அச்சமூட்டும் பொருளைப் படிப்படியாக எதிர்கொண்டு, சடங்குபோலச் செய்யும் செயலைத் தவிர்க்கப் பழகும் நடத்தைச் சிகிச்சையும், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த மருந்துகளும்தான் ஓசிடிக்கு முதலில் தரப்படுபவை. மருந்தின் பலனை மதிப்பிடவே 8 முதல் 12 வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பாட்டு முடிவதற்குள் குணமாகும் நோய் அல்ல அது.

காட்சியில் இல்லாததைக் கேளுங்கள்

நோயாளியைப் பார்த்துப் பேசி மருத்துவர் செய்யும் மனநிலைப் பரிசோதனையின் தலைப்புகளைப் பலகையில் எழுதி வைத்துவிடுங்கள்: தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, முகத்தில் தெரியும் உணர்ச்சி, எண்ண ஓட்டமும் எண்ணத்தின் உள்ளடக்கமும், புலனுணர்வு, நினைவும் கவனமும், தன் நோயைப் பற்றிய புரிதல், முடிவெடுக்கும் திறன். எந்தக் காட்சியும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பாது. காலியாக நிற்கும் கட்டங்களே மிகப் பெரிய பாடம்.

முக்கியமாகக் காணாமல் போவது காலம். மனச்சோர்வு நோய் என்று சொல்ல அறிகுறிகள் குறைந்தது 2 வாரம், பெரும்பாலான நாட்களில் நீடிக்க வேண்டும். மேனியா எனப்படும் அளவுமீறிய உற்சாக நிலைக்கு வழக்கமாக ஒரு வாரம். மனச்சிதைவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஒரு மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 6 மாதம் என்கிறது. படமோ மூன்று ஷாட்டில் ஒரு வருடத்தைத் தாண்டிவிடும். கதையின் நிகழ்வுகளை ஒரு கோட்டில் தேதிவாரியாக வரையச் சொன்னால், நோய் எப்போது தொடங்கியது என்றே இயக்குநர் சொல்லவில்லை என்பது தெரியவரும்.

தூக்கம், பசி, மது, போதைப்பொருள், தைராய்டு போன்ற உடல் நோய்கள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, முன்பு எந்த மருந்துக்குப் பலன் கிடைத்தது என்பவற்றையும் சினிமா கேட்பதில்லை. அதனால் பாத்திரத்துக்கு நோயின் பெயர் சூட்டுவதோடு வகுப்பை முடிக்க வேண்டாம். 'இந்த முடிவுக்கு வர இன்னும் என்னென்ன தெரிய வேண்டும்?' என்ற பட்டியல்தான் மாணவரின் விடைத்தாள்.

சினிமா திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

இவற்றை முன்பே தெரிந்து வைத்திருந்தால் எந்தப் படத்தையும் பாடமாக்கலாம்.

மனச்சிதைவையும் பல ஆளுமைகளையும் ஒன்றாக்குவது மிகப் பழைய பிழை. 2005இல் வந்த 'அந்நியன்' காட்டுவது ஒரே ஆளுக்குள் வேறு வேறு அடையாளங்கள். முன்பு பன்முக ஆளுமைக் கோளாறு என்றும், 1994க்குப் பிறகு பிளவுபட்ட அடையாளக் கோளாறு என்ற பொருளுள்ள பெயரிலும் அழைக்கப்படுவது அது. இல்லாத குரல்கள் கேட்பதும், ஆதாரமற்ற நம்பிக்கையில் அசைக்க முடியாத உறுதியோடு இருப்பதும், எண்ணங்கள் கோவையற்றுப் போவதும், செயலூக்கம் வற்றிப் போவதும் மனச்சிதைவு. இரண்டுக்கும் தனித்தனிக் காட்சி காட்டி ஒப்பிடச் சொன்னால் வேறுபாடு தங்கும். அந்நியனிலேயே கேட்க இன்னொன்று இருக்கிறது: கொலை செய்யும் அடையாளம் எத்தனை நிமிடம் திரையில் வருகிறது, சிகிச்சை எத்தனை நிமிடம்? மாணவர்களிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்துவிடுங்கள்.

வன்முறையை நோயோடு ஒட்டிவைப்பது அடுத்தது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்புதான் அவர்களுக்கு அதிகம். ஆபத்து கூடும் சில சூழல்களும் உண்டு. மது, போதைப் பழக்கம் சேர்வது அவற்றில் முக்கியமானது. இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாதி உண்மையைச் சொன்னால் மாணவர்கள் மீதிப் பாதியையும் நம்ப மாட்டார்கள்.

மாயத்தோற்றத்தை எடுத்துக்கொண்டால், சினிமா கண்ணுக்கான கலை. எனவே இல்லாத மனிதர்களைக் கண்முன் நிறுத்துகிறது. மனச்சிதைவில் பெரும்பாலும் வருவது குரல்கள்தான். 2001இல் வந்த 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' கணிதமேதை ஜான் நாஷின் கதை. படத்தில் அவர் கற்பனை மனிதர்களைப் பார்க்கிறார். உண்மையான நாஷ் கேட்டது குரல்களை. 1994இல் நோபல் பரிசு வந்த காலத்தில் புதிய மருந்துகள் எடுத்துக்கொள்வதாகப் படத்தில் ஒரு வசனம் வரும். உண்மையில் அவர் 1970க்குப் பிறகு மனச்சிதைவுக்கான மருந்துகளையே எடுக்கவில்லை. இந்த இரண்டாவது விஷயத்தைக் கவனமாகக் கையாளுங்கள். 'அப்படியானால் மருந்து வேண்டாமா?' என்று யாராவது கேட்பார்கள். ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லோருக்கும் விதி வகுக்க முடியாது, மருந்தைத் திடீரென நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் திரும்புகிறது என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மின்அதிர்வு சிகிச்சை தனியாக 15 நிமிடம் கொடுக்கத் தகுந்த தலைப்பு. 1975இல் வந்த 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' படத்தில் விழித்திருக்கும் மனிதரைப் பிடித்து அழுத்தி, மயக்க மருந்து இல்லாமல், அடக்குவதற்காக ஷாக் கொடுக்கிறார்கள். இன்றைய முறையில் நோயாளிக்கு முதலில் மயக்க மருந்து, பிறகு தசைத் தளர்வு மருந்து, ஆக்சிஜன், பல்லும் நாக்கும் காயப்படாமல் இருக்க வாயில் கடிப்பான். அதன் பிறகே சில நொடிகள் மின்சாரம். வலிப்பு மூளையில் நடக்கும்; உடலில் கால்விரல் அசைவு அளவுக்குத்தான் தெரியும். கடும் மனச்சோர்வு, சாப்பிடாமல் பேசாமல் உறைந்துபோன நிலை ஆகியவற்றில் உயிர் காக்கும் சிகிச்சை அது. சிலருக்கு சில காலம் நினைவுக் குறை வருவதும் உண்மை. படக்காட்சியைப் போட்டவுடனே இன்றைய நடைமுறையைக் காட்டும் பயிற்சிக் காணொளி ஒன்றைப் போடுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், துள்ளும் உடம்பு மட்டும்தான் மனதில் தங்கும்.

புதைந்த நினைவு ஒன்று வெளியே வந்தவுடன் நோய் தீர்ந்துவிடுவது, காதலால் குணமாவது, தலையில் அடிபட்டுக் குழந்தையாகிப் போவது எல்லாம் கதைக்கு வசதியானவை. 1982இல் வந்த 'மூன்றாம் பிறை' அழியாத படம். ஆனால் தலைக்காயத்தில் பொதுவாக மறப்பது விபத்தை ஒட்டிய காலமும் புதிதாகக் கற்பவையும்தான். படத்தை ரசிப்பதும் அதன் மருத்துவத்தைத் திருத்துவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை மாணவர்களுக்கு இங்கேயே காட்டலாம்.

மருத்துவராக வரும் பாத்திரத்தையும் விட்டுவிட வேண்டாம். 2005இல் வந்த 'சந்திரமுகி'யில் மனநல மருத்துவர் நண்பனின் வீட்டிலேயே தங்கி, நண்பனின் மனைவிக்கு, அவருக்குத் தெரியாமலே, ஒரு நாடகம் நடத்திச் சிகிச்சை தருகிறார். ரகசியம் காத்தல், நோயாளியின் சம்மதம், நெருங்கியவர்களுக்குத் தானே சிகிச்சை தரலாமா என மூன்று கேள்விகள் ஒரே கதையில் கிடைக்கின்றன. கிளைமாக்ஸை நெறிமுறைப்படி திரும்ப எழுதி வரச் சொல்லுங்கள். ஒரே இரவில் முடிந்த சிகிச்சை பல மாத வேலையாக மாறும்; நல்ல விவாதம் கிடைக்கும்.

90 நிமிட வகுப்பு

முதல் 10 நிமிடம் முன்னறிவிப்பும் பணியைச் சொல்வதும். அடுத்து ஒலியின்றி 5 நிமிடக் காட்சி, 5 நிமிடம் மௌனமாக எழுதுதல். எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. முதலில் பேசுபவரின் கருத்து மற்றவர்களின் தாளுக்கு இடம்பெயர்ந்துவிடும். ஒலியோடு மீண்டும் 5 நிமிடம், எழுத 5 நிமிடம். நான்கைந்து பேர் கொண்ட குழுவாக 15 நிமிடம், எல்லோருமாக 20 நிமிடம். திருத்தமும் மருத்துவ உண்மைகளும் 15 நிமிடம். மீதி 10 நிமிடத்தைத் தொடாமல் வைத்திருங்கள்; கனமான காட்சிக்குப் பிறகு மக்களுக்கு அது தேவைப்படும். நேரம் போதாவிட்டால் குழுப் பேச்சைக் குறைக்கலாம். திருத்தத்தை மட்டும் குறைக்கவே கூடாது.

முடிந்தால் மற்றொரு நாளில், நோயிலிருந்து மீண்டு தன் அனுபவத்தைப் பேசப் பயிற்சி பெற்ற ஒருவரை அழையுங்கள். மனநோய் மீதான வெறுப்பையும் ஒதுக்கலையும் குறைப்பதில், நேருக்கு நேர் சந்திப்பதற்கு ஈடான படம் எதுவும் இல்லை.

பார்ப்பவர்களின் பாதுகாப்பு

எந்த அறையிலும் நோயோடு வாழ்பவர், அப்படி ஒருவரை இழந்தவர் இருக்கக்கூடும் என்றே எண்ணிச் செயல்படுங்கள். காட்சியில் என்ன வரும் என்பதை முன்பே ஒரே வரியில் சொல்லுங்கள். யாரும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்றும், வருகைப் பதிவில் அது பாதிக்காது என்றும் சொல்லுங்கள். கதவருகே இன்னொரு பயிற்சியாளர் இருக்கட்டும். வெளியே போகிறவரைத் தனியே விடாமல் பின்னால் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை.

தற்கொலை முறையைக் காட்டும் காட்சிகளைப் போடாதீர்கள், வாயாலும் விவரிக்காதீர்கள். திரையில் பார்த்த முறையைப் பின்பற்றும் ஆபத்து உண்மையானது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரை, நாடகக் கலைஞர்களுக்கென்றே இது பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. மேனியாவும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறைக் கதையாகக் கொண்ட '3' (2012) படத்தை எடுத்துக்கொண்டால், முடிவைத் தொடாமல், நண்பன் நோயை மனைவியிடமிருந்து மறைக்க உதவும் பகுதியை மட்டும் பேசுங்கள். குடும்பத்தில் ரகசியம் என்ன விலை கேட்கிறது என்பதற்கு அது போதும். கூடவே, அந்தப் படத்தில் மாயத்தோற்றமும் ஆத்திரமுமே முன்னிற்கின்றன. தூக்கமே இல்லாமல் உற்சாகமாக இருப்பது, அளவில்லாத செலவு, நிற்காத பேச்சு என மேனியாவில் வழக்கமாக முதலில் தெரிபவை பின்தங்கிவிட்டன என்பதையும் சொல்லுங்கள்.

வகுப்பில் யாராவது 'எனக்கும் இது இருக்கிறது' என்று சொன்னால், சொன்னதற்கு நன்றி கூறிவிட்டு மேலே துருவாமல் நகருங்கள். வகுப்பு முடிந்ததும் தனியே பேசுங்கள். உயிரை விடும் எண்ணம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடமோ அவசர உதவியிடமோ சேர்க்க வேண்டும். உதவி எண்ணைப் பலகையில் முதலிலேயே எழுதி வைத்திருங்கள். வகுப்புக்கு முன் ஒரு முறை அழைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

தனியாகக் கற்பவர்களுக்கு

படத்தை முதலில் பார்த்துவிட்டு, நோயைப் பற்றி நம்பகமான மருத்துவ நூலில் படித்து, பிறகு இரண்டாம் முறை பாருங்கள். படித்த பிறகு கண்ணில் படுவது வேறாக இருக்கும். ஒரே நோயைப் பற்றி மூன்று படமாவது ஒப்பிடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் அந்த நடிகரின் முகமே நோயின் முகமாகிவிடும். மன அழுத்தம் தரும் படங்களை இரவில் தனியாக அடுத்தடுத்துப் பார்க்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு நோயின் பெயர் சூட்டும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களிடமே அறிகுறி இருப்பதுபோல் தோன்றினால், படத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? வேலை, படிப்பு, தூக்கம், உறவு இவற்றில் ஏதாவது இதனால் தடைப்படுகிறதா? ஆம் என்றால் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரிடம் 'அந்தப் படத்தில் வருவதுபோல்' என்று சொல்லாமல், எப்போது தொடங்கியது, எத்தனை நாள், என்னென்ன செய்ய முடியவில்லை என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

கற்றார்களா என்று பார்ப்பது

வகுப்பில் பேசாத ஒரு புதிய காட்சியைப் போட்டு, நோயின் பெயரே வராமல் பத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பார்த்தது, கேட்டது, ஊகித்தது என மூன்றில் ஒன்றைப் பக்கத்தில் குறிக்க வேண்டும். 'ஊகித்தது' என்று நேர்மையாகக் குறித்தவருக்கும் முழு மதிப்பெண் உண்டு. ஊகத்தைப் பார்த்ததாக எழுதியவருக்கு மட்டும் குறையுங்கள். ஒரு மாதம் கழித்து இதே தேர்வை வேறு காட்சியோடு திரும்ப வையுங்கள். முதல் முறை சரியாகச் செய்தவர்களில் சிலர் பழைய பழக்கத்துக்குத் திரும்பியிருப்பார்கள். அவர்களுக்கு ஒலியில்லாக் காட்சிப் பயிற்சியை இன்னொரு முறை கொடுங்கள்.